லாக் இன்: கடலில் போட்ட ஒரு மரக்கட்டையின் கதை

(ஒலிவடிவ எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



போன மாசம் எங்க டீம்ல ஒரு சண்டை. பெரிய சண்டை எல்லாம் இல்லை, கோட் ரிவ்யூ சண்டை. குடோன்ல வேலை செய்யறவங்களுக்காக ஒரு ஷிஃப்ட் ஆப் பண்ணிட்டிருக்கோம். அதுக்கு முதல் பக்கம் செஞ்சது புதுசா சேர்ந்த ஒரு தம்பி. பட்டன்ல 'லாகின்'னு ஒரே வார்த்தையா சேர்த்து எழுதியிருந்தாரு. சீனியர் அக்கா ஒருத்தங்க, "இது தப்பு தம்பி, 'லாக் இன்'னு பிரிச்சு எழுதணும்"னு கமெண்ட் போட்டாங்க. தம்பி விடலை. பத்து வெப்சைட்டோட ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு, "எல்லாரும் சேர்த்துதானே எழுதறாங்க அக்கா?"ன்னு கேட்டாரு. நாற்பது கமெண்ட் ஓடிச்சு. ஒரு பட்டனுக்கு.

இலக்கணத்தை முதல்லயே முடிச்சிடறேன். அக்கா சொன்னதுதான் சரி. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு இன், அவுட், அப், ஆஃப் மாதிரி ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து தனியா ஒரு பொருள் தந்தால் அதற்கு ஃப்ரேஸல் வெர்ப் என்று பெயர். செய்கிற வேலையைச் சொல்லும்போது பிரிச்சு எழுதணும்: லாக் இன். பெயர்ச்சொல்லா வரும்போது, 'என் லாகின் வேலை செய்யலை', 'லாகின் பேஜ்' மாதிரி இடங்கள்ல, சேர்த்து எழுதலாம். சந்தேகம் வந்தா இறந்த காலத்துல சொல்லிப் பாருங்க. 'லாக்டு இன்'தான் வரும், 'லாகின்டு' வராது. (நம்ம ஆபீஸ்கள்ல 'லாகின்டு'ன்னு சொல்றவங்க ஏராளம். நானும் ரெண்டு வருஷம் சொல்லியிருக்கேன்.) இன்னொரு சோதனையும் இருக்கு. 'லாக் மீ இன்'னு நடுவுல ஒரு ஆளைச் செருக முடியுது. ஒரே வார்த்தையா இருந்தா அங்க செருக இடமே இருக்காது. பட்டன் என்கிறது 'இதைச் செய்'ங்கிற கட்டளை, அதனால பிரிச்சுத்தான் எழுதணும். 'லாக் இன் டு'வா, 'லாக் இன்டு'வான்னு கேட்டா, முதலாவதுதான் கறாரான இலக்கணம். 'இன்' வினையோட சொத்து, 'டு' தனி ஆள். ஆனா ரெண்டாவதும் இப்போ எல்லா இடத்துலயும் புழங்குது, அதுக்காக யாரையும் திருத்திக்கிட்டு இருக்க வேண்டாம்.

எபிசோட் இதோட முடிஞ்சிருக்கணும். ஆனா அன்னிக்கு டீ குடிக்கும்போது அந்தத் தம்பி ஒரு கேள்வி கேட்டாரு. "சரிங்க அக்கா, 'இன்'னா உள்ளே. அப்போ 'லாக்'னா என்ன?"

யாருக்கும் தெரியலை. ஒருத்தர், "லாக்னா பூட்டு. பூட்டைத் திறந்து உள்ள போறது"ன்னாரு. கேட்க நல்லாத்தான் இருந்தது, ஆனா தப்பு. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே 'லாக்'தான், ஆங்கிலத்துல வேற வேற சொல். பூட்டுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த 'லாக்' மரக்கட்டை. அடுப்புல வெக்கிற மரக்கட்டை இருக்கு பாருங்க, அதேதான்.

மரக்கட்டைக்குள்ள எப்படிப் போக முடியும்? அதைத்தான் இந்த எபிசோட்ல பார்க்கப் போறோம்.

நடுக்கடல்ல ஒரு பாய்மரக் கப்பல்ல இருக்கீங்கன்னு வெச்சுக்குங்க. நாலு பக்கமும் தண்ணி. கப்பல் எவ்வளவு வேகமா போகுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க? பக்கத்துல மரமோ மைல்கல்லோ இல்லை. ஆனா வேகம் தெரிஞ்சே ஆகணும், ஏன்னா வேகம் தெரிஞ்சாத்தான் நேத்து மத்தியானத்துல இருந்து இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு கணக்குப் போட முடியும். கணக்கு தப்பினா ராத்திரியில பாறையில மோதிடும்.

இதுக்கு மாலுமிகள் கண்டுபிடிச்ச வழி, ஒரு மரத்துண்டைக் கயிறு கட்டிக் கடலில் போடறது. இதை விளக்கிய முதல் அச்சுப் புத்தகம் 1574-இல் இங்கிலாந்தின் வில்லியம் போர்ன் எழுதியது. பின்னால் வந்த வடிவத்தில் அந்த மரத்துண்டு கால்வட்ட வடிவப் பலகை. வளைந்த ஓரத்தில் ஈயம் பதிச்சிருக்கும், அதனால் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நிற்கிற பலகையைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். கப்பல் போகும், பலகை கிட்டத்தட்ட போட்ட இடத்திலேயே நிற்கும், நடுவில் கயிறு ஓடும். அந்தக் கயிற்றில் குறிப்பிட்ட இடைவெளியில் முடிச்சுகள். ஒருத்தர் கயிறு சுற்றின உருளையைப் பிடிச்சுக்கணும், ஒருத்தர் மணல் கடிகாரத்தைக் கவிழ்க்கணும், மணல் தீர்ந்ததும் 'நிறுத்து'ன்னு கத்தணும். அதுக்குள்ள எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போச்சோ, அதுதான் வேகம்.

இன்ஜினியர்களுக்காக இந்தக் கணக்கைக் கொஞ்சம் சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. மணல் கடிகாரம் 28 விநாடி. முடிச்சுகளுக்கு நடுவில் 47 அடி 3 அங்குலம். 28 விநாடியில் ஒரு முடிச்சு ஓடினால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு? 47.25-ஐ 28-ஆல் வகுத்து 3600-ஆல் பெருக்குங்க. 6075 அடி வரும். அது ஏறக்குறைய ஒரு கடல் மைல். ஆக, மூணு முடிச்சு ஓடினா மணிக்கு மூணு கடல் மைல். பெருக்கல், வகுத்தல் எதுவும் மாலுமி பண்ண வேண்டாம், முடிச்சை எண்ணினா போதும். கணக்கை முன்னாடியே கயிறுக்குள்ள போட்டு வெச்சுட்டாங்க. இன்னிக்கும் கப்பல் வேகத்தையும் புயல் காற்றோட வேகத்தையும் 'நாட்'னு சொல்றோமே, அது இந்த முடிச்சுதான்.

அந்த மரத்துண்டுக்குப் பேர் 'லாக்'. அதைத் தூக்கிப் போட்டுக் கிடைச்ச எண்ணிக்கையை, காத்தோட திசையையும் கப்பலோட திசையையும் சேர்த்து, மணிக்கொருதரம் ஒரு கறுப்புப் பலகையில சாக்பீஸ்ல எழுதுவாங்க. அது லாக் போர்டு. பலகையில இருக்கிறதை நாளுக்கொருதரம் ஒரு புத்தகத்துல ஏத்துவாங்க. அது லாக் புக். மரக்கட்டையோட பேர் புத்தகத்துக்கு வந்தது இப்படித்தான். பிறகு புத்தகத்தில் எழுதறதுக்கே 'லாக் பண்றது'ன்னு பேர் வந்துடுச்சு. நாம சர்வர்ல 'லாக் ஃபைல்'னு ஒண்ணைத் திறந்து விநாடிக்கு விநாடி என்ன நடந்ததுன்னு பார்க்கிறோமே, அது அந்தக் கறுப்புப் பலகையோட பேரன்.

வேகம் எழுதின புத்தகத்துல நாளாக ஆக எல்லாமே எழுத ஆரம்பிச்சாங்க. யாருக்கு உடம்பு சரியில்லை, யார் செத்துப் போனாங்க, யார் குடிச்சுட்டு வேலைக்கு வரலை. இங்கதான் கதை மனுஷங்க பக்கம் திரும்புது. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள்ல ஒரு மாலுமியை 'லாக் பண்ணிட்டாங்க'ன்னு சொன்னா, அவர் ஏதோ உள்ள போயிட்டார்னு அர்த்தம் இல்லை. அவர் பேரும் அவர் செஞ்ச குத்தமும் புத்தகத்துல ஏறிடுச்சுன்னு அர்த்தம். கூடவே சம்பளத்துல பிடித்தம்.

அந்தப் புத்தகம் கேப்டன் கையில இருந்தது. கேப்டன் எழுதினதுதான் வரலாறு. நடுக்கடல்ல சாட்சிக்கு யாரைக் கூப்பிடறது? இதுக்கு சட்டத்துல ஒரு கட்டுப்பாடு வெச்சிருந்தாங்க. 1894-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம், பிரிவு 228. ஒரு மாலுமியோட குத்தத்தை லாக் புக்ல எழுதினா, கேப்டன் மட்டும் கையெழுத்துப் போட்டா பத்தாது, துணை அதிகாரியோ கப்பல் ஆட்கள்ல ஒருத்தரோ கூடப் போடணும். எழுதினதோட நகலை அந்த மாலுமிக்குக் கொடுக்கணும், இல்லைன்னா அவர் காதுல தெளிவா விழற மாதிரி படிச்சுக் காட்டணும். அவர் பதில் சொல்லலாம். அவர் சொன்ன பதிலையும் அதே புத்தகத்துல எழுதணும். பின்னாடி வழக்கு வந்து, புத்தகத்துல முறையான பதிவைக் காட்ட முடியலைன்னா, அந்தக் குத்தத்துக்கான சாட்சியத்தையே ஏத்துக்காம விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

கப்பல் வாழ்க்கை அதனால சொர்க்கமாயிடுச்சுன்னு நான் சொல்ல வரலை. படிச்சுக் காட்டறதும் அதே கேப்டன்தான். ஆனா சட்டத்தை எழுதினவங்களுக்கு ஒரு விஷயம் புரிஞ்சிருக்கு: புத்தகத்துல ஏறுகிற ஆளுக்கு அந்தப் புத்தகத்துல ஒரு வரி சொந்தமா இருக்கணும். இதை மனசுல வெச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

இப்போ கம்ப்யூட்டர் ரூமுக்கு வருவோம். ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்கள் அறை முழுக்க இருக்கிற இயந்திரங்கள். கப்பல் மாதிரியே அதுக்கும் பக்கத்துல ஒரு லாக் புக் வெச்சிருந்தாங்க, கையால எழுதற நிஜப் புத்தகம். கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கம்ப்யூட்டர் 1949 மே 6 அன்று முதல்முறையா ஓடிச்சு. வர்க்க எண்களோட பட்டியலை அச்சடிச்சது, அதுக்கு 2 நிமிஷம் 35 விநாடி ஆச்சு. இதெல்லாம் நமக்குத் தெரியறதுக்குக் காரணம் அன்னிக்கு யாரோ லாக் புக்ல எழுதி வெச்சதுதான். அதுக்கு முன்னாடி, 1947 செப்டம்பர் 9, ஹார்வர்ட் மார்க் 2 இயந்திரத்தோட ரிலே ஒண்ணுல ஒரு அந்துப்பூச்சி மாட்டிக்கிட்டு இருந்தது. அதை எடுத்து டேப் போட்டு லாக் புக்லயே ஒட்டி, நிஜமான 'பக்' ஒண்ணு கிடைச்சிருக்குன்னு பக்கத்துல எழுதி வெச்சாங்க. கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையைப் பிரபலமாக்கினாரு, ஆனா பூச்சியைப் பிடிச்சது அவர் இல்லை. பூச்சியோட அந்தப் பக்கம் இன்னிக்கும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. 'பக்'ங்கிற பேர் அன்னிக்குப் பிறந்ததுன்னு வாட்ஸ்அப்ல வரும், நம்பாதீங்க. அது எடிசன் காலத்திலேயே இன்ஜினியர்கள் வாயில இருந்த சொல். அதனாலதானே அது ஜோக்!

அடுத்தது 1961. இடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஃபெர்னாண்டோ கார்பாட்டோவும் அவர் குழுவும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை அந்த வருஷம் நவம்பர்ல செஞ்சு காட்டினாங்க. அதுவரைக்கும் துளை போட்ட அட்டைகளைக் கொடுத்துட்டு, விடைக்கு மணிக்கணக்கில் காத்திருக்கணும். இந்த அமைப்பில் ஒரே பெரிய ஐ.பி.எம். கம்ப்யூட்டரைப் பல பேர் தனித்தனித் தட்டச்சு முனையங்கள்ல இருந்து ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். கொஞ்ச வருஷத்துல சுமார் 30 பேர் ஒரே சமயத்துல வேலை செய்யற அளவுக்கு வளர்ந்தது.

இங்க ஒரு பிரச்சினை. கம்ப்யூட்டர் நேரம் அப்போ பயங்கர விலை. 30 பேர் பகிர்ந்துக்கறாங்கன்னா யார் எவ்வளவு நிமிஷம் எடுத்துக்கிட்டாங்கன்னு எழுதணும். அதனால வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கட்டளை அடிக்கணும், உங்க திட்ட எண், உங்க பேர், அப்புறம் பாஸ்வேர்டு. கட்டளையோட பேர்: லாகின். முடிக்கும்போது லாக்அவுட். (ஆமா தம்பி, கட்டளையில சேர்த்துத்தான் எழுதினாங்க. கட்டளைப் பேர்ல நடுவுல இடைவெளி விட முடியாது. பட்டன்ல விடலாம்.)

நான் இந்த எபிசோடுக்குப் படிக்க ஆரம்பிக்கிற வரைக்கும் லாக் இன்னா கதவு திறக்கறதுன்னே நினைச்சிட்டிருந்தேன். கதவு என்னவோ உண்டு, அதுதான் பாஸ்வேர்டு. ஆனா வார்த்தை கதவைப் பத்திப் பேசலை. 'புத்தகத்துல உன் பேர், நீ வந்த நேரம் ரெண்டையும் எழுது'ங்கிறதுதான் அந்த வார்த்தை. மீட்டர் போடறது மாதிரி. ஆட்டோவுல ஏறின உடனே மீட்டரைத் திருப்பறாங்க இல்லையா, அது கதவு திறக்கிற வேலை இல்லையே.

இதுக்கு நல்ல சாட்சி அலன் ஷெர். எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர். அவருக்கு சி.டி.எஸ்.எஸ்.ஸில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தாங்க, அவரோட ஆராய்ச்சிக்கு அது பத்தலை. 1962-இல் அவர் ஒரு வேலை பண்ணினாரு. கம்ப்யூட்டர்ல இருக்கிற எந்த ஃபைலையும் அச்சடிச்சுத் தரச் சொல்லித் துளை அட்டையில எழுதிக் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் எழுதிக் கொடுத்த ஃபைல், எல்லாரோட பாஸ்வேர்டும் இருக்கிற ஃபைல். சனிக்கிழமை காலையில போய் அச்சான காகிதத்தை எடுத்துக்கிட்டாரு. அப்புறம் மத்தவங்க பேர்ல லாக் இன் பண்ணி வேலை செஞ்சாரு. கம்ப்யூட்டர் பாதுகாப்பு வரலாற்றில் முதல் பாஸ்வேர்டு திருட்டுகள்ல ஒண்ணுன்னு இதைச் சொல்வாங்க. அவருக்கு யாரோட ரகசியமும் வேண்டாம். வேண்டியது நேரம். தன் கணக்குல எழுதாம அடுத்தவங்க கணக்குல எழுத வெச்சாரு, அவ்வளவுதான்.

நடுவுல ஒரு குடும்பக் கதை. லாக் இன் பண்றதுக்கு ஆங்கிலத்துல ஒரு மூத்த அண்ணன் உண்டு: 'கிளாக் இன்'. ஃபேக்டரி வாசல்ல கார்டு பஞ்ச் பண்றது. 1880-களோட கடைசியில், நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் நகைக்கடை வெச்சிருந்த வில்லர்ட் பண்டி, தொழிலாளி சாவியைப் போட்டுத் திருப்பினா அவர் எண்ணையும் நேரத்தையும் காகித நாடாவில் அச்சடிக்கிற கடிகாரம் ஒண்ணு செஞ்சாரு. பண்டி கம்பெனி 1900-இல் இன்டர்நேஷனல் டைம் ரெக்கார்டிங் கம்பெனியில் கலந்தது, அது 1911-இல் இன்னும் சிலதோட சேர்ந்தது, சேர்ந்த கம்பெனி 1924-இல் பேரை மாத்திக்கிட்டது. புதுப் பேர் ஐ.பி.எம். ஆக, 'லாகின்' கட்டளை ஓடின அந்தப் பெரிய கம்ப்யூட்டரைச் செஞ்ச கம்பெனிக்கு, ஃபேக்டரி வாசல் கடிகாரம் பூர்வீகச் சொத்து.

இணையத்தோட முதல் செய்தி 'லோ'ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 1969 அக்டோபர் 29, ராத்திரி பத்தரை. லாஸ் ஏஞ்சலஸ் யு.சி.எல்.ஏ.வில் சார்லி கிளைன் என்ற மாணவர், வடக்கே ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துக் கம்ப்யூட்டருக்கு 'லாகின்'னு எழுத்து எழுத்தா அடிச்சாரு. எல் போச்சு. ஓ போச்சு. ஜி அடிச்சதும் அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் முழுசா வேலை செஞ்சது. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடிச்சது வேற. அது நடந்ததுக்கு ஆதாரம் என்ன தெரியுமா? பக்கத்துல இருந்த கைப்பிரதி லாக் புக். 22:30-க்கு ஸ்டான்ஃபோர்ட் பக்கத்து இயந்திரத்தோட பேசினோம்னு பேனாவால எழுதி, கிளைனோட இனிஷியல். உலகத்துலேயே பிரபலமான லாகின், புத்தகத்துல பேனாவால ஏத்தின லாக்கும்கூட.

இந்த வார்த்தையைத் தமிழாக்கினவங்க ரெண்டு வழியில போயிருக்காங்க. நிறைய ஆப்கள்ல 'உள்நுழை'ன்னு இருக்கும். அது 'இன்'னை மட்டும் எடுத்துக்கிட்டு 'லாக்'கை விட்டுடுச்சு. தமிழ் விக்கிப்பீடியாவுல 'புகுபதிகை'ன்னு வெச்சிருக்காங்க. வெளியே வர்றதுக்கு 'விடுபதிகை'. முதல்ல பார்த்தப்போ நான் சிரிச்சேன், இவ்வளவு சிரமமா ஒரு சொல்லான்னு. இப்போ சிரிக்கலை. புகுதல், பதிதல். ரெண்டு பாதியும் இருக்கு. ஆங்கில வார்த்தையோட வேரைத் தோண்டிப் பார்த்துட்டுச் செஞ்ச மாதிரி கச்சிதம்.

பதியறதைப் பத்தித் தமிழ்ல இதைவிடக் கூர்மையான ஒரு சொல் இருக்கு. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள்ல ஒரு நாள் வேலைக்குப் 'பேர்'னு சொல்வாங்க. அன்னிக்கு உங்க பேர் செக்ரோல்ல விழுந்தா ஒரு நாள் கூலி. சொன்ன கிலோ கொழுந்து பறிக்கலைன்னா 'அரைப்பேர்'. பாதிக் கூலிதான். காலையில இருந்து மலையில நின்னவங்க முழு ஆளாத்தான் நின்னாங்க, ஆனா புத்தகத்துல பாதிப் பேர்தான் விழும். 'லாக் இன்' என்ற சொல்லுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு யாராவது பத்து வருஷம் முன்னாடி இந்த ஒரு சொல்லை வெச்சு விளக்கியிருந்தா போதும், கப்பல் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு நேரம் பேசறேன்னா, எனக்கும் ஒருதடவை அரைப்பேர் விழுந்திருக்கு.

என் முதல் வேலை. கம்பெனி பேர் வேண்டாம். நைட் ஷிஃப்ட் சப்போர்ட், வீட்டுல இருந்து. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் 'லாகின் ஹவர்ஸ்' இருக்கணும். எங்க தெருவுல கேபிள் வேலை நடந்த மாசம் அது, நெட் அடிக்கடி போகும். போனா அந்த டூல் என்னை வெளிய தள்ளிடும். நான் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு சர்வர்ல நேரா வேலையைத் தொடருவேன். கஸ்டமருக்கு ஒரு நிமிஷம்கூட பாதிப்பு இல்லை. மாசக் கடைசியில 6 மணி 40 நிமிஷம் குறையுதுன்னு ஒரு மெயில். ஒரு நாள் லீவு கட்.

நான் என் லீடைக் கூப்பிட்டேன். "அண்ணா, அந்த நேரத்துல நான் வேலை செஞ்சேன், சர்வர்லயே இருக்கு, பாருங்க"ன்னேன். லினக்ஸ்ல 'லாஸ்ட்'னு ஒரு கட்டளை அடிச்சா யார் எப்போ வந்தாங்க, எப்போ போனாங்க, எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு வரிசையா காட்டும். அதை எடுத்து அனுப்பினேன். அவர் நல்ல மனுஷன், நிஜமாவே வருத்தப்பட்டாரு. "எனக்குப் புரியுதுடா, ஆனா அவங்க அந்த டூல் ரிப்போர்ட்டை மட்டும்தான் பார்ப்பாங்க. சிஸ்டம் அப்படித்தான் காட்டுது"ன்னாரு. என்னைப் பத்தின அந்த ரிப்போர்ட்டை நான் பார்க்கலாமான்னு கேட்டேன். இன்டர்னல், காட்ட முடியாதுன்னு பதில் வந்தது.

ஒரு நாள் லீவு பெரிய விஷயம் இல்லை. கோபம் வேற ஒண்ணுல. நான் சொல்றதை எழுத அந்த டூல்ல எங்கயும் இடம் இல்லை. யாரும் வேணும்னு மறுக்கலை, அந்தக் கட்டமே இல்லை. எந்த இன்ஜினியரோ ஒரு டேபிள் போட்டிருப்பாரு: ஊழியர் எண், வந்த நேரம், போன நேரம். மூணு காலம். நாலாவது காலம் வேணும்னு அவருக்குத் தோணலை. 1894-இல் கப்பல்ல கரி அள்ளிப் போட்ட ஒரு ஆளுக்கு, எழுதினதைக் கேட்கவும் பதிலை எழுத வைக்கவும் சட்டத்துல இடம் இருந்தது. எனக்கு இல்லை.

எந்த இன்ஜினியரோன்னு சொன்னேன் இல்லையா. இப்போ அது நான்தான். ஆரம்பத்துல சொன்ன அந்த ஷிஃப்ட் ஆப், குடோன்ல பெட்டி தூக்கறவங்களோட வந்த நேரம், போன நேரத்தை எழுதற ஆப். பட்டன்ல இடைவெளி வேணுமா வேண்டாமான்னு நாற்பது கமெண்ட் போட்ட நாங்க, பட்டனை அழுத்தினதுக்கப்புறம் எழுதப்படற வரியைப் பத்தி ஒரு கமெண்ட்கூடப் போடலை. டேபிளைத் திறந்து பார்த்தேன். மூணு காலம்.

அன்னிக்கே ஒரு டிக்கெட் போட்டேன். ஒண்ணு, ஊழியர் தன் பதிவைத் தானே பார்க்கணும். ரெண்டு, அந்தப் பதிவு தப்புன்னா அதுக்குக் கீழேயே அவர் பதில் எழுத ஒரு கட்டம், அதை மேனேஜரால அழிக்க முடியக் கூடாது. தம்பி தானே எடுத்துச் செய்யறேன்னாரு, ரெண்டு நாள் வேலைன்னு மதிப்பீடும் போட்டாரு. அக்கா, "மேனேஜர் அழிக்க முடியாதுங்கிறதை முதல் வரியா மாத்துப்பா, அதைத்தான் முதல்ல வெட்டுவாங்க"ன்னாங்க. மேல இருந்து பதில் வந்தது: நல்ல ஐடியா, இந்த ரிலீஸ்ல வேண்டாம், பேக்லாக்ல வைங்க.

பட்டன் மாறிடுச்சு, பிரிச்சு எழுதி வெளிய விட்டுட்டோம். டிக்கெட் இன்னும் பேக்லாக்ல இருக்கு. ஒவ்வொரு ரெண்டு வாரக் கூட்டத்துலயும் நான் அதை எடுத்து மேல வெக்கறேன், யாராவது கீழ இறக்கறாங்க. 'பேக்லாக்'கும் மரக்கட்டைதான், தெரியுமா? குளிர் நாடுகள்ல கணப்பு அடுப்போட பின்பக்கமா வெக்கிற பெரிய கட்டைக்கு அந்தப் பேர். முன்னாடி இருக்கிற சின்னக் கட்டைகள் எல்லாம் எரிஞ்சு தீரும், அது பின்னாடி மெதுவா எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.